குளிர்க் கிடங்கில் யாருக்கும் வாசனை வரவில்லை

பிப்ரவரி 6

அண்ணனுக்கு,

லாரிக்காரர் மத்தியானம் கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் புதுக் கிடங்குக்கு டெலிபோன் கம்பி எப்போது வருமோ தெரியாது. வராததும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இங்கே நம் பழைய கிடங்கில் ஏதோ சரியில்லை. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

காலையில் மூன்றாம் நம்பர் அறையில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்தபோது அத்தனை பேரும் மூக்கை மூடித் துண்டு கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"என்ன மேஸ்திரி, துண்டெல்லாம்?" என்றேன்.

"குளிருதுக்கா, அதான்."

"இத்தனை வருஷமா குளிரலையா?"

"இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்திக்கா."

வெளியே வந்து, கிழங்கு பிரிக்கிற நம் வாயாடியிடம் கேட்டேன். அவளைத் தெரியும் உங்களுக்கு. பேசுவதற்குத் தனிச் சம்பளம் கேட்டாலும் கொடுக்கலாம், அவ்வளவு உழைப்பு. அவள் தலையை நிமிர்த்தாமல், "எனக்கென்னக்கா தெரியும், நான் கிழங்கைப் பாக்கறவ" என்றாள். அதோடு சரி. அவள் ஒரே வரியில் பேச்சை முடித்து நான் பார்த்ததே இல்லை. 

அறைகளைக் குளிர வைக்க குழாய்களில் ஓடுவது அம்மோனியா. அது கசிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்: கண் போகும், மூச்சு போகும், மூடிய அறையாக இருந்தால் ஆளே போவான். கசிவை முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான் என்றும் சொன்னீர்கள். போன வருஷக் காய்ச்சலில் என் மூக்கு செத்துப் போனது உங்களுக்கும் அண்ணிக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். எனக்குக் கண் எரிய ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

ஏன் சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? 'சொன்னவன்தான் பொறுப்பு' என்று நீங்கள் போட்ட சட்டம். எதையாவது உடைந்தது, கெட்டது என்று யார் வந்து சொன்னாலும் அவன் சம்பளத்தில்தான் பிடிப்போம். அதை எடுத்துவிடலாமா? வாயு கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று விற்கிறார்களாம், அதையும் வாங்கலாமா? பதில் எழுதுங்கள்.

தங்கச்சி


பிப்ரவரி 8

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம் பயந்திருக்கிறாய். ஒரு பக்கம் போதும்.

நான் தலையில் கூடை வைத்துத் தெருத் தெருவாகக் காய் விற்றவன். பிறகு மூட்டை தூக்கினேன், பிறகு மூட்டை தூக்க ஆள் வைத்தேன். மனுஷனைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற வரைக்கும் உழைப்பான்; ஆள் நகர்ந்தால் உட்காருவான். கெட்டவன் என்று சொல்லவில்லை. உடம்பு அப்படி. மூட்டை தூக்கின நாளில் என் முதலாளி திரும்பிப் படுத்தால் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

சட்டம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. உடைத்தவன்தான் முதலில் ஓடி வருவான், "ஐயோ முதலாளி, யாரோ ஆப்பிள் பெட்டியை உடைச்சிட்டாங்க" என்று. நல்லவன் வேஷம். ஓடி வருகிறவனைப் பிடித்தால் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும். இந்தச் சட்டம் போட்ட பிறகு உடைந்த பெட்டி என்று ஒரு புகாராவது வந்ததா? சொல்லு பார்க்கலாம். வரவில்லை. உடைவது நின்றுவிட்டது. அதுதான் நிர்வாகம்.

துண்டு கட்டினது குளிருக்குத்தான். நீ பயப்படுவது தெரிந்தால் நாளைக்குப் போர்வை கேட்பார்கள்.

கத்துகிற பெட்டியின் விலைக்கு இன்னொரு கதவே போடலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு இத்தனை மூக்கு உலாத்துகிறபோது இரும்பில் ஒரு மூக்கு எதற்கு?

ஒன்று மட்டும் நன்றாகக் கேள். உன் மூக்கு விஷயத்தை மூச்சு விடாதே. தெரிந்தால் தொலைந்தாய். அழுகினதை நல்லது என்று உன் தலையில் கட்டிவிடுவார்கள், நீயும் தடவிப் பார்த்து வாங்கி வைப்பாய்.

சந்தேகமாக இருந்தால் மெஷின்காரனைக் கேள். கம்ப்ரசர் ரூமில் இருக்கிறவன் அவன்தானே. அவன் இல்லை என்றால் இல்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு.

அண்ணன்


பிப்ரவரி 10

அண்ணனுக்கு,

மெஷின்காரரைக் கேட்டேன். "எல்லாம் சரியா இருக்குங்க" என்றார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். நான் எதையாவது எடுத்து எழுதப் போகிறேனா என்று.

போன சீசனில் இதே மனுஷர் "ஒரு வால்வு சொட்டுது" என்று உங்களிடம் வந்து சொன்னார். நீங்கள் ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்தீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். அவர் மறக்கவில்லை.

அவர் இல்லை என்றால் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே நம்பிவிட்டு வந்திருப்பேன், செருப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

எல்லோரும் உள்கதவுப் பக்கம்தானே செருப்பைக் கழற்றி, பூட்ஸ் போடுவார்கள்? நேற்று அங்கே அவர்களுடையது ஒரு ஜோடிகூட இல்லை. தேடினால் எல்லாம் வெளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரிசையாக, தெருவைப் பார்த்துத் திருப்பி. காலை நுழைத்தால் அப்படியே ஓடலாம். மெஷின்காரரின் சாப்பாட்டுப் பையும் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆணிக்குப் போயிருக்கிறது. உள்ளே கிடந்த ஒரே ஜோடி என்னுடையது.

அண்ணா, அவர்கள் ஓடத் தயாராக இருக்கிறார்கள். எதிலிருந்து என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை.

உங்களைக் கேட்காமல் இரண்டு காரியம் செய்துவிட்டேன். வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து மூன்றாம் நம்பரைப் பார்க்கச் சொன்னேன். அவர் சுற்றி வந்து, "இப்ப ஒண்ணும் தெரியலையேம்மா. எதுக்கும் உங்க ஆளுங்களைக் கேளுங்க, கூடவே இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது, எல்லோரையும் கூட்டி வைத்து, இனிமேல் சொன்னவர் சம்பளத்தில் பிடிக்கமாட்டோம் என்றேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு முகத்தில்கூட ஒன்றும் மாறவில்லை. மேஸ்திரி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டே, "பிடிக்கமாட்டோம்னு சொல்லிட்டுப் பிடிக்கறது புதுசாங்கக்கா?" என்று கேட்டார். சிரிப்புக்கூட வரவில்லை யாருக்கும்.

மூக்கை நம்பிப் பெட்டி வேண்டாம் என்கிறீர்கள். மூக்குக்குக் கீழே இருக்கிற வாயைத்தான் நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

தங்கச்சி


பிப்ரவரி 15

அண்ணனுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. கோபம் என்று தெரியும். நீங்கள் சிரிக்கிற மாதிரி ஒன்று நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சும்மா சொன்னால் நம்பவில்லையே என்று, கசிவைக் காட்டிக் கொடுக்கிறவருக்கு வெகுமதி தருவேன் என்றேன். அன்றைக்கு மத்தியானமே கிடங்கு முழுக்க நாறத் தொடங்கியது. ஆப்பிள் அறையில் நாற்றம். கக்கூஸில் நாற்றம். லாரிக்காரர் சட்டையில்கூட அம்மோனியா என்று ஒருத்தர் கூட்டி வந்து காட்டினார். மெக்கானிக் நாலு தடவை வந்து போனார்; கடைசித் தடவை, "அடுத்த வாட்டி என்னைக் கூப்பிடாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார்.

மூன்றாம் நம்பர் என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லா இடமும் நாறுகிறது, அந்த ஒரு இடத்தைத் தவிர. செருப்புகள் இன்னும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கின்றன.

நான் தினமும் காலையில் முதல் ஆளாக அந்த அறைக்குள் போகிறேன். போகாமல் இருந்தால் கசிவு எனக்கும் தெரியும் என்று ஆகிவிடும், பிறகு அவர்களையும் உள்ளே அனுப்ப முடியாது. கதவைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பிடித்து என்ன பிரயோஜனம், எப்போது விடலாம் என்று எனக்குத் தெரியாதே.

தங்கச்சி


பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

சிரித்தேன். உன் அண்ணி என்னவென்று கேட்டாள், படித்துக் காட்டினேன், அவள் சிரிக்கவில்லை. எரிந்து விழுந்தாள். அது என் தலையெழுத்து.

பார்த்தாயா? கம்பை எடுத்தால் ஊமை, காசை நீட்டினால் புளுகன். நான் எழுதினதற்கு நீயே சாட்சி சேர்த்துக் கொடுத்திருக்கிறாய். வெகுமதியை நிறுத்து. சட்டத்தைத் திரும்பப் போடு. நடுவில் விட்டால் இருக்கிற மரியாதையும் போகும்.

இங்கே புதுக் கிடங்கில் முதல் நாளே அதே சட்டத்தைச் சொல்லித்தான் ஆள் எடுத்தேன். வந்து பார், எவ்வளவு அமைதி. ஒரு புகார் கிடையாது. நான் குரல் கொடுத்தால் கை இரண்டு மடங்கு வேகமாக ஓடும்.

ஆனால் நீ அந்த அறைக்குள் போகாதே. சொன்னதைக் கேள். உள்ளே போக வேறு ஆள் இருக்கிறது, அதற்குத்தான் கூலி. உனக்கு ஒன்று ஆனால் நான் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்?

அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

"உள்ளே போக வேறு ஆள் இருக்கிறது" என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டீ நேரத்தில் முற்றத்துக்குப் போனேன். நீங்கள் சொல்லவே கூடாது என்றதைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு மோப்பம் கிடையாது. போன வருஷம் காய்ச்சல்ல போயிடுச்சு. உள்ள என்ன நாத்தம்னு எனக்குத் தெரியாது. உங்க மூக்கை நம்பித்தான் தினம் வரேன்" என்றேன். டீக்கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

வாயாடி எழுந்து போனாள். கழிவுக் கூடையிலிருந்து அழுகி நீர் விட்ட கிழங்கு ஒன்றைக் கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அப்படியே நின்றேன்.

"அப்போ நான் புதுசா சென்ட்டு போட்டுட்டு வந்தப்ப, நல்லாருக்குன்னு சொன்னீங்களேக்கா?"

"பொய்தான்."

"அதானே பாத்தேன். எங்க வீட்டுக்காரரே நல்லால்லைன்னு சொன்னாரு."

ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்கியதும் மேஸ்திரி சொன்னதைத்தான் இந்த இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, நீங்க தெரிஞ்சுதான் உள்ள போறீங்கன்னு நெனச்சோம். அந்த நாத்தத்துல துண்டு இல்லாம, மொகத்தைச் சுளிக்காம நிக்கறீங்க. முதலாளி சொல்லிக் கொடுத்து நடிக்கறீங்க, எவன் வாயைத் தொறக்கறான்னு பாக்கறீங்கன்னுதான் பேசிக்கிட்டோம்."

"செத்துப் போற நாத்தத்துல யாராவது நடிப்பாங்களா மேஸ்திரி?"

"உங்க வீட்டு ஆளுங்க நடிப்பாங்கன்னு தோணுச்சுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது. நாம் அவர்களைத் திருடர்கள் என்று வைத்திருந்தோம். அவர்கள் நம்மை அதற்கும் ஒரு படி மேலே வைத்திருந்தார்கள்.

மெஷின்காரர் கடைசியாக எழுந்தார். மூன்றாம் நம்பரில் மேல் வரிசை வால்வு. வெகு நாளாகக் கசிகிறதாம். சொன்னால் தன் தலையில் விழும் என்று அவரே ஈரச் சாக்கைச் சுற்றிச் சுற்றிச் சமாளித்திருக்கிறார். மெக்கானிக் வருகிற நாட்களில் அந்தக் குழாயை மூடி, அறையைக் காற்றாட விட்டு, நாற்றம் போன பிறகுதான் கதவைக் காட்டியிருக்கிறார். வெகுமதி என்று நான் சொன்னபோதும் அந்த இடத்தை யாரும் காட்டவில்லை, காட்டினால் மாட்டுவது அவர் என்பதால். எத்தனை கெட்டிக்காரத்தனம், எத்தனை கட்டுப்பாடு. எல்லாம் நமக்குத் தெரியாமல் இருப்பதற்காக.

அன்றே அறையை மூடினோம். மெக்கானிக் வந்து வாயுவை நிறுத்திவிட்டு வால்வில் கை வைத்தார். அரித்துப்போன தண்டு அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், வாங்கவில்லை. "காலையில யாரும்மா உள்ள போனது?" என்று கேட்டார். நான் என்றேன்.

பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் கிடங்கிலும் அதே சட்டம், அதே குழாய், ஒரு புகாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, தயவுசெய்து உள்ளே போய் மோந்து பாருங்கள். உங்களுக்கு மூக்கு இருக்கிறது.

தங்கச்சி


பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், மேலே நிதானமாகப் படி.

உன் கடிதத்தை நேற்றுக் காலையில் படித்தேன். எரிச்சலோடுதான் கிடங்குக்குப் போனேன், இங்கே ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுதிப் போடுவதற்காக. பின் அறைக் கதவைத் திறந்ததுமே மூக்கில் குத்தியது. ஊசி மாதிரி. சந்தேகமே இல்லை. உள்ளே ஆட்கள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா நாத்தம் இது?" என்று கேட்டேன்.

"நாத்தமா? ஒண்ணும் இல்லீங்களே முதலாளி."

அடுத்தவனைக் கேட்டேன். "இல்லீங்க." அடுத்தவன், அடுத்தவன். ஒருத்தன் எனக்குக் காட்டுவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "நல்லாத்தான் இருக்குங்க" என்று சிரித்தான். நான் பயந்தேன் தங்கச்சி. வாயுவுக்கு அல்ல. ஒரு நிமிஷம், என் மூக்குதான் பழுதோ என்றே நினைத்துவிட்டேன்.

எங்கே கசிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. "எல்லாரும் வெளிய போங்க" என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், போகவில்லை. வேலையைப் போட்டுவிட்டு எவன் முதலில் போகிறான் என்று நான் பார்க்கிறேனாம். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் கத்தினேன். நான் கத்தினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கு எழுதியிருந்தேனே. வேகமாக அடுக்கினார்கள். இன்னும் கத்தினேன். இன்னும் வேகம்.

அதற்குள் எங்கோ 'புஸ்' என்று பெரிதாகச் சத்தம் கேட்டது. நான் திரும்பி ஓடினேன். யோசிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வேட்டி தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். அப்போதுதான் அவர்களும் ஓடி வந்தார்கள். நான் சொன்ன எதையும் நம்பவில்லை. நான் ஓடினதை நம்பினார்கள்.

ரேக்கின் உச்சியில் ஏறி நின்று மூட்டை வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தன், நான் ஓடினதைப் பார்க்கவில்லை. வெளியே வந்து தலைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். யாரும் ஏவவில்லை. அவனைத் தூக்கி வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கினார்கள். போனவர்கள் இரண்டு பேருக்கும் இருமல்தான், பிழைத்தார்கள்.

இவனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறது. இவன் பெண்டாட்டி ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை, சண்டை போடவில்லை. "இவரு எதையாவது உடைச்சிட்டாரா முதலாளி?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ சொன்னேன்.

உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். நான் வருவதற்கு முன்னால் முனகிக்கொண்டே இருந்தானாம், நர்ஸ் சொன்னாள். என் குரல் கேட்டதும் முனகல் நின்றது.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குங்க முதலாளி. எரிச்சல்கூட இல்லீங்க. நாளைக்கே வந்துடறேன்."

கட்டுக்குக் கீழே கன்னம் முழுக்க வெந்திருக்கிறது.

நாளை மறுநாள் கட்டை அவிழ்க்கிறார்கள். என்ன தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்று அவனைத்தான் கேட்க வேண்டும், அவன் சொல்வதை வைத்துத்தான் மேற்கொண்டு வைத்தியம் என்கிறார் டாக்டர். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் பக்கத்தில் நின்றால், குருடாகவே போயிருந்தாலும் எல்லாம் தெரிகிறது என்றுதான் அவன் சொல்லுவான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கிடங்கு வேலைக்காக அல்ல, கிடங்கை மூடிவிட்டேன். இதே லாரியில் ஏறி வா. முடிந்தால் அந்த வாயாடியையும் கூட்டி வா. அவன் உங்களிடம் உள்ளதைச் சொல்லுவான். நீங்கள் இரண்டு பேரும் அவன் பக்கத்தில் இருங்கள். நான் தெருவில் நிற்கிறேன்.

அண்ணன்